ஸ்டோர்ஸ் அதிகாரியின் முழு அதிகாரம்

எங்கள் தொழிற்சாலையில் கம்ப்யூட்டருக்குள் நுழைய முதன்முதலில் அனுமதி கேட்டவர், அது கிடைத்த பிறகு ஒரு தடவைகூட உள்ளே நுழையவில்லை. இரண்டாவதாகக் கேட்டவரும் அப்படித்தான். மூன்றாமவர் ஸ்டோர்ஸ் அதிகாரி. அவர் ஒரே ஒரு தடவை உள்ளே போனார். அந்த ஒரு தடவை போதுமானதாக இருந்தது.

எண்பதுகளின் பின்பாதி அது. துவாக்குடிப் பக்கம் வால்வு செய்கிற தொழிற்சாலை ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில் வீடு. காலையில் அம்மா மண்டபம் பக்கம் கம்பெனி பஸ் வரும். எழுபதுகளின் கடைசியில் கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, அட்டையில் துளை போடும் வேலைக்குச் சேர்ந்தவள் நான். துளை போட்ட அட்டைகளைப் பெட்டி பெட்டியாக மெட்ராஸுக்கு அனுப்புவோம். அங்கே யாருடைய கம்ப்யூட்டரிலோ அவை ஓடி, சம்பளக் கணக்காகத் திரும்பி வரும். பிறகு எங்கள் முதலாளிகளுக்கும் ரோஷம் வந்து, சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். பீரோ உயரம் இருக்கும். அதோடு பேசுவதற்கு ஏழெட்டு டெர்மினல்கள், அதாவது ஒரு திரையும் ஒரு கீபோர்டும். அதற்கென்று ஒரு ஏ.சி. அறை கட்டினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

செருப்பைக் கழற்றச் சொன்னது தூசுக்காக. எங்கள் அதிகாரிகளுக்கு அது வேறு மாதிரி புரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆயுத பூஜைக்கு டேப் ஓடுகிற இயந்திரத்துக்குச் சந்தனம் தடவி, அதன் காற்றுத் துவாரத்தை அடைத்துவிட்டார்கள். சித்திரை வெயிலில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக வந்து, "என்னம்மா, எப்படி போயிட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டு, மூலை நாற்காலியில் சாய்ந்து தூங்குவார்கள். திருச்சி வெயிலுக்கு அந்த அறையைத் தவிர வேறு கதி கிடையாது என்பது உண்மைதான். ஆனால் தூங்கி எழுந்து போகும்போது, கம்ப்யூட்டர் வேலையாகப் போயிருந்தேன் என்று அவரவர் பிரிவில் போய்ச் சொல்வார்கள்.

அந்தக் கம்ப்யூட்டரில் டேட்டாபேஸ் என்று ஒன்று இருந்தது. ஸ்டோர்ஸில் என்ன சாமான் எவ்வளவு இருக்கிறது, யாருக்கு என்ன சம்பளம், யாரிடம் என்ன வாங்கினோம் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். அதற்குள் போக ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் ஒரு கடவுச்சொல்லும் வேண்டும். அவற்றை உண்டாக்கும் வேலை என்னுடையது. அதற்காக என்னை மெட்ராஸுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். இந்தக் காலத்தைப் போல் படத்தைப் பார்த்துத் தட்டுகிற வசதியெல்லாம் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் ஒரு வரி அடிக்க வேண்டும். 'கிராண்ட் கனெக்ட்' என்று தொடங்கி, ஆளின் பெயர், அவருடைய கடவுச்சொல், கடைசியில் ஒரு அரைப்புள்ளி. அவ்வளவுதான். ஒரு ஆள் உள்ளே வந்துவிடலாம். அந்த அரைப்புள்ளியைப் போடாமல் விட்டால் கம்ப்யூட்டர் எதுவும் செய்யாது. இன்னும் சொல்லி முடிக்கவில்லை போலிருக்கிறது என்று பொறுமையாகக் காத்திருக்கும். அந்தத் தொழிற்சாலையில் அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தது அது ஒன்றுதான்.

இந்த ஒரு வரிக்காக அவர்கள் போட்ட சண்டையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யாருக்கு முதலில் போடுவது என்பதில் ஒரு சண்டை. பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்றால், "எங்கப்பா வெச்ச பேரை வெட்டறதுக்கு நீ யாரும்மா?" என்று ஒருவர். எல்லாம் இங்கிலீஷ் சின்ன எழுத்தில்தான் அடிக்க வேண்டும் என்றால், கொள்முதல் அதிகாரிக்குப் பெரிய அவமானம். தன் பெயர் பெரிய எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகப் பெரிய எழுத்தில் அடித்தார். பெரிய எழுத்தில் பெயரை அடித்தால், இந்த டெர்மினலுக்குச் சின்ன எழுத்தே தெரியாது போலிருக்கிறது என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அது சொன்னதெல்லாம் பெரிய எழுத்திலேயே வந்தது. அவர் திரையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். "இப்பத்தான் மரியாதையா பேசுது" என்றார். அத்துடன் எழுந்து போனவர், டெர்மினல் முன்னால் மறுபடி உட்காரவேயில்லை.

கடவுச்சொல் இன்னொரு கூத்து. யாருக்கும் சொல்லக்கூடாது, எளிதில் கண்டுபிடிக்கிற மாதிரி இருக்கக்கூடாது என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் எல்லாரும் ரங்கா என்று வைத்தார்கள். சமயபுரத்துக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் மாரி என்று வைத்தார்கள். மேலப்புதூரிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் மேரி என்று வைத்தார்கள். ஆளின் நெற்றியைப் பார்த்தால் போதும், அவர் கணக்குக்குள் போய்விடலாம். அதையும் மறந்துவிட்டு வந்து நிற்பார்கள். பெருமாள் பெயரை மறந்துவிட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, கம்ப்யூட்டர் ரிப்பேர் என்பார்கள்.

எங்கள் பிரிவுக்கு ஒரு மேனேஜர் இருந்தார். அக்கவுண்ட்ஸிலிருந்து தூக்கி இங்கே போட்டிருந்தார்கள். கீபோர்டைத் தொட்டால் ஏதாவது அழிந்துவிடும் என்று பயந்து, தொடாமலே காலத்தை ஓட்டியவர். எந்தச் சண்டை வந்தாலும் அவருடைய தீர்ப்பு ஒன்றுதான்: "கேக்கறதைக் குடுத்துடுங்க. நமக்கு எதுக்கு வம்பு?"

இவர்களிலும் ஸ்டோர்ஸ் அதிகாரி தனி ரகம். நல்ல உயரம். எப்போதும் சலவை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. தன் பிரிவில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது; அதை ஒரு பெருமையாகவே சொல்வார். ஒரு நாள் காலை என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, டி.பி.ஏ.ன்னு ஒண்ணு இருக்காமே?"

"ஆமா சார். டேட்டாபேஸை நிர்வாகம் பண்றவங்களுக்கு உள்ளது. அதுல எல்லா அதிகாரமும் உண்டு. எதை வேணா மாத்தலாம், அழிக்கலாம், புது ஆளுங்களைச் சேக்கலாம்."

"அது யாருக்கு இருக்கு?"

"எனக்கு மட்டும்தான் சார்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். முப்பது வயதைத் தொட்ட, பருத்திப் புடவையும் ஏ.சி.க்காக ஒரு பழைய ஸ்வெட்டரும் போட்டிருந்த ஒரு பெண்ணிடம் எல்லா அதிகாரமும் இருப்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"எனக்கும் போட்டுடு."

"அது வேண்டாம் சார். தெரியாம ஒரு வரி தப்பா அடிச்சாலும்..."

"தெரியாமயா? ஸ்டோர்ஸ் என்னுது. அதுல எனக்கு இல்லாத அதிகாரம் உனக்கு எதுக்கு?"

மேனேஜரிடம் போனேன். "குடுத்துடுங்க" என்றார். கொடுத்தேன். இரண்டே வாரத்தில் விஷயம் பரவி, தரச் சோதனை, பர்சனல், கொள்முதல் என்று எல்லாப் பிரிவுத் தலைவர்களும் டி.பி.ஏ. கேட்டு வரிசையாக வந்தார்கள். அதை ஏதோ பட்டம் மாதிரி நினைத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் கொடுக்கச் சொல்லிவிட்டார் மேனேஜர். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்குக்கூட ஒரு அளவு உண்டு.

ஆனால் அந்த டேட்டாபேஸில் உண்மையாகவே வேலை செய்தவர்களுக்கு ஒரு பெயரும் கிடைக்கவில்லை. ஸ்டோர்ஸ் கணக்கை ஏற்றுவதற்கு மூன்று பெண்கள் இருந்தார்கள். கான்ட்ராக்ட் வேலை. மூன்று பேரும் பட்டதாரிகள். காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து, எந்தச் சாமான் வந்தது, எது போனது என்று அடிப்பார்கள். அவர்களில் மண்ணச்சநல்லூரிலிருந்து வருகிற ஒரு பெண் மிகவும் கெட்டி. ரைஸ் மில் தெருவில் வீடு. வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களிலேயே, நான் என்ன அடிக்கிறேன் என்று பார்த்துப் பார்த்தே பாதி கற்றுக்கொண்டாள். மீதியைக் கேட்டாள். யாருக்கும் பயப்படாமல் கேட்பாள்; எனக்கு அவளிடம் பிடித்தது அதுதான்.

இந்த மூவருக்கும் தனித்தனியாகப் பெயர் போட்டு, ஸ்டோர்ஸ் கணக்கை மட்டும் தொடுகிற மாதிரி அளவான அதிகாரம் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்டபோது, ஸ்டோர்ஸ் அதிகாரி சிரித்தார்.

"கான்ட்ராக்ட் பொண்ணுங்களுக்கெல்லாம் எதுக்கும்மா தனிப் பேரு? என் பேர்லயே அடிக்கட்டும். என் பேரும் தினம் வேலை செய்யற மாதிரி இருக்கும்ல?"

ஆக, அந்த மூன்று பெண்களும் தினமும் அவர் பெயரை அடித்து, ரங்கா என்று கடவுச்சொல் கொடுத்து, முழு அதிகாரத்தோடு உள்ளே போனார்கள். மாதக் கடைசியில் யார் எவ்வளவு நேரம் கம்ப்யூட்டரில் வேலை செய்தார்கள் என்று ஜி.எம். கேட்பார். எப்போதும் ஸ்டோர்ஸ் அதிகாரிதான் முதலிடம். ஜி.எம். ஒரு கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவரைப் பாராட்டினார். அவர் எழுந்து நின்று கை கூப்பினார். கொஞ்சம்கூட முகம் சிவக்கவில்லை.

அவருடைய பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சம்பந்தி வீடு துறையூர். மஞ்சள் மண்டி வைத்திருக்கிற வசதியான குடும்பம். பத்திரிகை கொடுக்க எங்கள் அறைக்கு வந்தார். பிரித்துப் பார்த்தேன். அவர் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று போட்டு, கமா வைத்து, டி.பி.ஏ. என்று அச்சடித்திருந்தது. நான் மேனேஜரைப் பார்த்தேன். மேனேஜர் ஏ.சி.யைப் பார்த்தார்.

அந்தப் பத்திரிகைதான் எல்லாவற்றையும் இழுத்துவிட்டது. கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்னால் வியாழக்கிழமை, டவுனில் சாமான் வாங்க வந்த சம்பந்தி, தன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு தொழிற்சாலைக்கு வந்தார். பத்திரிகையில் பார்த்த படிப்பு என்ன படிப்பு என்று அவருக்குத் தெரிந்துகொள்ள ஆசை. ஸ்டோர்ஸ் அதிகாரி இருவரையும் எங்கள் அறைக்கே அழைத்து வந்துவிட்டார். கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே டேப் மாற்றிக்கொண்டிருந்த எனக்கு, கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

மண்ணச்சநல்லூர்ப் பெண் அடித்துக்கொண்டிருந்த டெர்மினலுக்குப் போய், "எழுந்திரும்மா" என்றார். அவள் எழுந்து பக்கத்தில் நின்றாள். அவர் உட்கார்ந்தார். சம்பந்திகள் பின்னால் கை கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இதுல என்னங்க செய்வீங்க?" என்றார் சம்பந்தி.

"ஸ்டோர்ஸே இதுக்குள்ளதான் இருக்கு. இங்கேருந்தே எதை வேணா மாத்துவேன்."

அவளைப் பார்த்து, "ஒரு ஐட்டம் எத்தனை இருக்குன்னு மாத்தறது எப்படிம்மா அடிப்பே?" என்று, ஏதோ அவளுக்குப் பரீட்சை வைக்கிறவர் மாதிரிக் கேட்டார். அவள் சொன்னாள். எண்ணிக்கையை இவ்வளவு ஆக்கு என்று ஒரு வரி. எந்தச் சாமான் என்பதை அதற்கு அடுத்த வரியில் சொல்ல வேண்டும். அவர் ஒரு விரலால் தேடித் தேடி அடித்தார். எண்ணிக்கை நாற்பது என்றார். முதல் வரியோடு விட்டுவிட்டு அரைப்புள்ளிப் பக்கம் விரல் போனது.

"சார், இன்னும் இருக்கு. எந்த ஐட்டம்னு சொல்லாம முடிச்சுடாதீங்க."

"எனக்குத் தெரியும். நீ சும்மா இரு."

அரைப்புள்ளியை வைத்துத் தட்டினார்.

எந்தச் சாமான் என்று சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் எல்லாச் சாமானையும் எடுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, பதினோராயிரத்துச் சொச்சம் சாமான்களை மாற்றிவிட்டேன் என்று திரையில் எழுதியது. அவர் அதைப் படித்தார். திரும்பி சம்பந்தியைப் பார்த்தார்.

"பாத்தீங்களா? ஒரே தட்டு. பதினோராயிரம்!"

சம்பந்தியின் அண்ணன் வாயைப் பிளந்தார்.

நான் கையிலிருந்த டேப்பை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடி வந்தேன். அதற்குள் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "சார், ஒண்ணும் ஆகல. ரோல்பேக்னு ஒரு வார்த்தை அடிங்க, பழையபடி வந்துரும். ஆனா வெளிய மட்டும் போயிடாதீங்க. வெளிய போனா மாத்தினது அப்படியே நிலைச்சுரும்."

நானும், "ஆமா சார், கையை எடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

இரண்டு பெண்கள், சம்பந்தி முன்னால், அதைச் செய் இதைச் செய்யாதே என்கிறார்கள். அவருக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. "வேலை முடிஞ்சா மூடிட்டுப் போகணும்" என்று சொல்லிக்கொண்டே, வெளியேறும் கட்டளையை அடித்துவிட்டு எழுந்தார். அந்த ஒரு கட்டளையை மட்டும் பிழையில்லாமல் அடித்தார்.

ஸ்டோர்ஸில் இருந்தது ஒரே ஒரு கிரேன். இப்போது நாற்பது கிரேன். மூட்டை மூட்டையாகக் கிடந்த வாஷர் மொத்தமே நாற்பது. நாற்பது லாரி டயர், நாற்பது குண்டூசி, நாற்பது ஃபர்னஸ். சம்பந்திகளுக்குக் கேன்டீனில் கேசரியும் காபியும் வாங்கிக் கொடுத்து வழியனுப்பிவிட்டு அவர் சீட்டுக்குத் திரும்புவதற்குள், வாஷர் தீர்ந்துபோய்விட்டது என்று பட்டறையிலிருந்து கூச்சல் வந்துவிட்டது.

நஷ்டம் என்று பெரிதாக எதுவுமில்லை. முந்தின நாள் சாயங்காலம் நான் நகல் எடுத்து வைத்திருந்த டேப் இருந்தது. அதிலிருந்து திரும்ப ஏற்றிவிட்டு, காலையில் அடித்ததை மட்டும் மறுபடி அடித்தால் போதும். மதியத்துக்குள் ஏற்றியும் விட்டேன். "கை தவறிடுச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாரும் மறந்திருப்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்குத் தேவையான அளவு மனிதத்தனம்கூட அந்த வெள்ளைச் சட்டைக்குள் இல்லை.

மூன்று மணிக்கு ஜி.எம். அறைக்குக் கூப்பிட்டார்கள். ஸ்டோர்ஸ் அதிகாரி, எங்கள் மேனேஜர், நான், மண்ணச்சநல்லூர்ப் பெண். ஆண்களுக்கு நாற்காலி இருந்தது.

"எப்படி ஆச்சு?" என்றார் ஜி.எம்.

"இந்தப் பொண்ணு கவனக்குறைவா அடிச்சிருக்கு சார்" என்றார் ஸ்டோர்ஸ் அதிகாரி. கூசாமல், அவள் பக்கத்தில் நிற்கும்போதே. "கான்ட்ராக்ட் ஆளுங்க. பொறுப்பு வராது."

அவள் அழவில்லை. குரலும் உயரவில்லை.

"சார், நாங்க மூணு பேரும் உங்க பேர்லதான் உள்ள போறோம். என் பேர்னு கம்ப்யூட்டர்ல எதுவும் கிடையாது. இன்னிக்குக் காலைல அடிச்சது யாருன்னு அதைக் கேட்டாலும் உங்க பேரைத்தான் சொல்லும். பாராட்டு வந்தப்ப அது நீங்கதான்னு எழுந்து நின்னீங்க. இப்பவும் நீங்கதான்னு சொல்லுங்க."

நான், "சார், அடிச்சது அவர்தான். நான் நேர்ல பாத்தேன். இந்தப் பொண்ணு தடுத்தா. நானும் சொன்னேன்" என்றேன். மேனேஜர் மேஜைக்கு அடியில் என் பக்கம் காலை நகர்த்தி, நிறுத்து என்கிற மாதிரி ஷூவைத் தட்டினார். நான் நிறுத்தவில்லை. சம்பந்தி வந்தது, பதினோராயிரம் என்று பெருமைப்பட்டது, வெளியேறியது எல்லாவற்றையும் சொன்னேன்.

ஜி.எம். எல்லாவற்றையும் கேட்டார். நம்பவும் செய்தார், அது முகத்தில் தெரிந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரிம்மா. ஞாயித்துக்கிழமை அவர் வீட்ல கல்யாணம். இந்த நேரத்துல இதைப் பெரிசு பண்றது நல்லாவா இருக்கும்? கான்ட்ராக்டர்கிட்ட சொல்லி வேற ஆளைப் போடச் சொல்லிடறேன். இந்தப் பொண்ணுக்கும் வாய் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு."

அவ்வளவுதான் நியாயம். உண்மை தெரியாத முட்டாளைக்கூட நான் மன்னித்துவிடுவேன். உண்மை தெரிந்த பிறகும், ஒருவர் வீட்டுப் பந்தலுக்காக இன்னொருத்தி வேலையைப் பறித்த இந்த மனிதர் மேல் எனக்கு இருந்த வெறுப்பு, ஸ்டோர்ஸ் அதிகாரி மேல் இருந்ததைவிடப் பெரியது.

சாயங்காலம் பஸ்ஸில் அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் திருவெறும்பூர் தாண்டியது. பிறகு, "அக்கா, ரெண்டு வருஷமா அந்த ஆளு பேரை எத்தனை தடவை அடிச்சிருப்பேன்? எங்க அப்பா பேரைக்கூட அத்தனை தடவை எழுதினதில்ல. இப்ப வேற எங்கயாவது போய், இந்த வேலை பாத்தேன்னு நான் சொன்னா, அதுக்கு ஒரு அடையாளமும் இல்ல" என்றாள். சமாதானம் சொல்வதற்கு அதில் எதுவுமில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மண்ணச்சநல்லூர் பஸ் ஏறினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. முதல் ஷிப்ட் பஸ்ஸிலேயே போய்விட்டேன். அறையில் யாருமில்லை. என் பெயரில் உள்ளே போனேன். கிராண்ட் என்பதற்கு எதிர்ச்சொல் ரிவோக். கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வது. ஸ்டோர்ஸ் அதிகாரியிடமிருந்து டி.பி.ஏ.வை எடுத்தேன். பிறகு கொள்முதல், தரச் சோதனை, பர்சனல். ஒவ்வொரு பெயராக அடித்து, அரைப்புள்ளி வைத்து, ஒருவர் விடாமல் எல்லாரிடமிருந்தும் எடுத்தேன். உள்ளே வந்து பார்க்கலாம், எதையும் தொட முடியாது என்கிற அளவுக்கு மட்டும் விட்டுவைத்தேன். பிறகு ஸ்டோர்ஸில் மீதியிருந்த இரண்டு பெண்களுக்கும் அவரவர் பெயரில் கணக்கு உண்டாக்கினேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால், நமக்கு எதுக்கு வம்பு என்பார் மேனேஜர். அந்தப் பதில் எனக்கு மனப்பாடம்.

அந்த வேலைக்குப் பதினைந்து நிமிஷம் ஆகியிருக்கும். என் வாழ்க்கையில் அதைவிட மனநிறைவோடு செய்த வேலை குறைவு.

ஞாயிற்றுக்கிழமை பிரிவோடு சேர்ந்து கல்யாணத்துக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்திர வீதியில் மண்டபம். பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாக வாசலில் நின்று, வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். துறையூர்க்காரர்கள் கூட்டமாக வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒரு பையன் காலேஜில் படிக்கிறானாம், பத்திரிகையைக் காட்டி, "மாமா, டி.பி.ஏ.ன்னா என்ன? எத்தனை வருஷப் படிப்பு?" என்று கேட்டான்.

"அது கம்ப்யூட்டர்ல பெரிய படிப்பு தம்பி. எல்லாருக்கும் குடுத்துட மாட்டாங்க" என்றார். என்னைப் பார்த்தார். பார்த்ததும், "இவங்களும் நம்ம டிபார்ட்மென்ட்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

"ஆமாங்க. நான்தான் குடுக்கறது" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சாப்பாடு நன்றாக இருந்தது. அக்காரவடிசல் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நான் எதிர்பார்த்தது சண்டை. திங்கட்கிழமை வருவார்கள், மேனேஜர் நடுங்குவார், ஜி.எம். கூப்பிடுவார், நானும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வெளியேறலாம் என்று ராஜினாமாவுக்கே மனதைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. ஒரு வாரம் போனது. ஒரு மாதம் போனது. முழு அதிகாரம் வைத்திருந்த அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்குக்கூட அது போய்விட்டது தெரியவில்லை. தெரிய வேண்டுமானால் ஒரு நாளாவது அதைப் பயன்படுத்திப் பார்த்திருக்க வேண்டுமே.

ஸ்டோர்ஸ் அதிகாரி மட்டும் மாதக் கடைசியில் வந்தார்.

"என்னம்மா, இந்த மாசம் என் பேருக்கு நேரா சைபர்னு ஜி.எம். சொல்றாரே? மெஷின்ல ஏதாவது கோளாறா?"

"கோளாறு எதுவும் இல்ல சார். நீங்க உள்ள வந்தா எண்ணும்."

"அந்தப் பொண்ணுங்க?"

"அவங்க அவங்க பேர்ல வேலை செய்யறாங்க."

சண்டை போட வேண்டுமானால், முன்னால் வந்த எண்ணிக்கை யாருடையது என்று பேச வேண்டியிருக்கும். அது அவருக்கே புரிந்திருக்க வேண்டும். "ஓ, சரி சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். தன் அறைக்குப் போய் யாரிடமோ கத்தினார் என்று கேள்விப்பட்டேன்.

மண்ணச்சநல்லூர்ப் பெண்ணுக்கு ஒரு அனுபவச் சான்றிதழ் வாங்கிக் கொடுக்க முயன்றேன். கான்ட்ராக்ட் ஆளுக்குக் கம்பெனித் தாளில் எழுதித் தர முடியாது என்று பர்சனலில் கைவிரித்துவிட்டார்கள். தில்லை நகரில் கடைக்காரர்களுக்குக் கம்ப்யூட்டரில் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற ஒரு சின்ன ஆபீஸ் புதிதாகத் திறந்திருந்தார்கள். அங்கே ஆள் தேவை என்று தெரிந்து, போய்ப் பார் என்றேன். என்ன நடந்தது என்று பிறகு அவளே சொன்னாள்.

அந்த ஆபீஸை நடத்தியவர், மெட்ராஸில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்த ஒரு கிறிஸ்தவர். சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டாராம். இல்லை என்றிருக்கிறாள். ஏன் இல்லை என்று கேட்டதற்கு நடந்தது முழுவதையும் சொல்லியிருக்கிறாள். அவர் எழுந்து தன் நாற்காலியைக் காட்டினாராம்.

"சரி, உக்காருங்க. உங்களுக்கு நீங்களே ஒரு கணக்கு கிரியேட் பண்ணிக்குங்க, பாப்போம்."

டேட்டா அடிக்கிற வேலைக்கு வந்த எந்தப் பெண்ணுக்கும் அது தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த அதிகாரமே அவர்களுக்கு இருக்காது. ஆனால் இவள் இரண்டு வருஷம் முழு அதிகாரத்தோடு உள்ளே போய் வந்தவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பொய்ப் பெயர்களில் கணக்குகளை உண்டாக்குவதும், அதிகாரம் கொடுப்பதும் எடுப்பதும், பிறகு எல்லாவற்றையும் சுத்தமாக அழிப்பதுமாகப் பழகியிருந்தாள். அந்த வெள்ளைச் சட்டைக்காரரின் வீண் ஜம்பத்தால் யாருக்காவது ஒரு நன்மை விளைந்தது என்றால் அது இதுதான். அதுவும் அவருக்குத் தெரியாமல்.

உட்கார்ந்தாள். தன் பெயரை அடித்தாள். கடவுச்சொல் அடித்தாள். வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு அதிகாரம் மட்டும் போட்டுக்கொண்டாளாம்.

"ஏன், எல்லாமே எடுத்துக்கலாமே?" என்று கேட்டிருக்கிறார் அவர்.

"எனக்கு அது தேவையில்லீங்க" என்றாளாம்.

திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார். எங்கள் கம்பெனி கொடுத்ததைவிட நல்ல சம்பளம். நான் அந்தத் தொழிற்சாலையில் மேலும் சில வருஷங்கள் இருந்தேன். அந்த அதிகாரிகள் ஒவ்வொருவராக மாலை போட்டுக்கொண்டு ஓய்வு பெற்றார்கள். பிரிவுபசார விழாவில் ஒவ்வொருவரையும், கம்ப்யூட்டரை இங்கே கொண்டு வந்த முன்னோடி என்று புகழ்ந்தார்கள். நான் பின் வரிசையில் உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தேன். விழா முடிந்த மறுநாள் காலை, அவர்கள் பெயரை நீக்கும் வேலையும் என்னுடையதுதான். அதற்கும் ஒரே ஒரு வரி போதும்.